சிரித்த முகத்துக்குச் செலவில்லை

மருத்துவமனை நடத்துகிறவர்களுக்கு மனசே கிடையாது என்று யாராவது சொன்னால் இனிமேல் எனக்குக் கோபம் வரும். மனசைப் பற்றி அவர்கள் அளவுக்குக் கவலைப்படுகிறவர்கள் இந்தத் தமிழ்நாட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? நோயாளியின் மனசு நோகக் கூடாது. கூட வந்தவர் மனசு நோகக் கூடாது. ரவுண்ட்ஸ் வரும் பெரிய டாக்டரின் மனசு நோகவே கூடாது. இத்தனை மனசுகளையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை, மாதம் 12,000 ரூபாய் வாங்கும் 23 வயதுப் பெண் ஒருத்தியிடம் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள். பெண்பிள்ளைகள் மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்த முதலாளிகளை வேறு எந்தத் தொழிலில் பார்க்க முடியும்?

அந்த நம்பிக்கைக்கு இப்போது பெயரும் கிடைத்துவிட்டது. எமோஷனல் இன்டெலிஜென்ஸ். உணர்வுசார் நுண்ணறிவு என்று தமிழில் பேனர் அடிக்கிறார்கள். தன் மனநிலையைத் தான் அறிவது, எதிரே இருப்பவர் மனநிலையை முகத்தைப் பார்த்தே அறிவது, இரண்டையும் பக்குவமாகக் கையாள்வது என்று விளக்கம் சொல்கிறார்கள். எங்கள் ஊர்ப் பாட்டிகள் இதையெல்லாம் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்தார்கள். நிர்வாகங்களும் அந்த மரபை மறக்கவில்லை. கூடுதல் சம்பளம் இல்லாமலே செய்யச் சொல்கிறார்கள்.

எங்கள் ஊர் பாடாலூர். திருச்சிக்கும் பெரம்பலூருக்கும் நடுவே, தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி, பூமலை சஞ்சீவிராயர் கோயில் குன்றைப் பார்த்தபடி இருக்கிறது. ஆலத்தூர் வட்டாரத்துச் சின்ன வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும் இங்கே லாரி ஏறும். பெண்பிள்ளைகள் பஸ் ஏறுவார்கள். ப்ளஸ் டூவில் பயாலஜி எடுத்த பெண்ணுக்கு டாக்டர் கனவு நீட்டோடு முடிந்ததும் அடுத்த பேச்சு நர்சிங்தான். வெங்காயம் நல்ல விலைக்குப் போன வருஷமாக இருந்தால் பி.எஸ்சி., பட்டறையிலேயே அழுகிப்போன வருஷமாக இருந்தால் டிப்ளமோ. படிப்பு முடிந்ததும் பெரம்பலூர், திருச்சி, சென்னை. கொஞ்சம் இங்கிலீஷும் கொஞ்சம் துணிச்சலும் இருந்தால் துபாய், குவைத், லண்டன்.

என் அக்கா மகளுக்கு இங்கிலீஷ் கொஞ்சம் தகராறு. அதனால் இந்தப் பக்கத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் இருக்கிறாள். எந்த மருத்துவமனை என்று சொல்வதற்கில்லை. சொன்னால் அவர்களின் புகழ் பரவும். அடக்கமானவர்கள், விரும்ப மாட்டார்கள்.

போன மாதம் அங்கே ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. ‘செவிலியர் பணியில் உணர்வுசார் நுண்ணறிவின் பங்கு’ என்று தலைப்பு. சென்னையிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்தார். அதற்கு முந்தின வாரம் செல்போன் ஷோரூம் பையன்களுக்கு இதே வகுப்பை எடுத்தவராம். இரண்டு பேருக்கும் ஒரே பாடம் போதும் என்று கண்டுபிடித்த சிக்கனத்தைப் பாராட்ட வேண்டும். நைட் ட்யூட்டி முடித்தவர்கள் வீட்டுக்குப் போகாமல் அப்படியே வந்து உட்கார வேண்டும், ஆஃபில் இருப்பவர்கள் ஆஃபை விட்டுவிட்டு வர வேண்டும் என்று சர்க்குலர். ஏ.சி. ஹாலில் நாற்காலி போட்டிருந்தார்கள். வார்டில் ஸ்டாஃப் உட்காரக் கூடாது என்று விதி இருப்பதால், நாற்காலி கிடைத்த அந்த இரண்டு மணி நேரமே பெரிய வெகுமதி. ஜவுளிக்கடைப் பெண்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்தினார்கள். இங்கே சட்டம் எதுவும் தேவைப்படவில்லை, ஒரு பயிற்சி வகுப்பு போதுமானதாக இருந்தது.

கோபம் வந்தால் மூச்சை இழுத்துப் பிடித்து ஒன்றிலிருந்து பத்து வரை மனதுக்குள் எண்ணுங்கள் என்றாராம் டை கட்டியவர்.

“பத்து எண்ணுறதுக்குள்ள மூணு பெட்டுல பெல் அடிச்சிருது மாமா” என்றாள் அக்கா மகள். “அதுக்கு என்ன பண்றதுன்னு கேட்டேன். நெகட்டிவா யோசிக்காதீங்கன்னுட்டார்.”

நல்ல பதில். இவளுக்குத்தான் புரியவில்லை.

இந்த அறிவின் வரலாற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். பீட்டர் சலோவி, ஜான் மேயர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1990இல் உணர்வுசார் நுண்ணறிவு பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். ஐந்து வருஷம் கழித்து, நியூயார்க் டைம்ஸில் அறிவியல் எழுதிக்கொண்டிருந்த டேனியல் கோல்மன் அதே பெயரில் ஒரு புத்தகம் போட்டார். அது உலகமெங்கும் விற்றது. கம்பெனிக்காரர்கள் கையில் கிடைத்தது. அங்கிருந்து பவர்பாயிண்ட்டுக்கு வந்தது. இப்போது பெரம்பலூர் பக்கம் வந்து சேர்ந்திருக்கிறது.

இதற்கெல்லாம் முன்னால், 1983இல், ஆர்லி ஹாக்ஷில்ட் என்ற சமூகவியலாளர் ‘தி மேனேஜ்ட் ஹார்ட்’ என்று ஒரு புத்தகம் எழுதியிருந்தார். டெல்டா விமான நிறுவனத்தின் பணிப்பெண்களோடு பழகி எழுதியது. சிரிப்பதும் ஒரு வேலைதான், பெட்டி தூக்குவது போல அதுவும் உடம்பையும் மனசையும் தேய்க்கும், முதலாளி அதைக் கூலிக்கு வாங்குகிறார் என்பது அவர் வாதம். உணர்வு உழைப்பு என்று அதற்குப் பெயர் வைத்தார். உழைப்பு என்று ஒத்துக்கொண்டால் நேரக் கணக்கு வரும், ஓய்வு வரும், கூலி வரும். அறிவு என்று சொல்லிவிட்டால் வம்பே இல்லை. இருந்தால் அவள் கெட்டிக்காரி, இல்லாவிட்டால் அவள் குறை. நம் நிர்வாகங்கள் இரண்டு புத்தகத்தையும் எடை போட்டுப் பார்த்து, 1995ஐ எடுத்துக்கொண்டு 1983ஐ அலமாரியிலேயே விட்டுவைத்த நேர்த்தி இருக்கிறதே, அதற்குத் தனியாக ஒரு விருது கொடுக்கலாம்.

ஹாக்ஷில்ட் இன்னொரு கூட்டத்தையும் பார்த்து எழுதினார்: கடன் வசூலிக்கிறவர்கள். விமானப் பணிப்பெண்ணுக்கு அடுத்தவரைக் குளிரவைப்பது வேலை, வசூல்காரருக்கு அடுத்தவரை உறுத்தவைப்பது வேலை. அமெரிக்காவில் இதற்கு இரண்டு ஆள் தேவைப்பட்டது. நம் மருத்துவமனையில் ஒருத்தியே போதும். நோயாளியின் மனைவிக்கு இவள் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கும்போது இன்டர்காம் அடிக்கும். “சிஸ்டர், பதினாலாம் நம்பர் அட்வான்ஸ் இன்னும் கட்டல, கொஞ்சம் சொல்லிடுங்க.” தோளில் வைத்த கையை எடுக்காமலே அதையும் சொல்ல வேண்டும். கேஷ் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் ஏன் நேரில் வந்து சொல்லக் கூடாது என்று கேட்காதீர்கள். அவர் எந்தப் பயிற்சி வகுப்புக்கும் போனவரில்லை, பாவம்.

ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். அக்கா மகள் சொல்லக் கேட்டதுதான். 24 கட்டில், ஒரு ஸ்டாஃப், படிப்பு முடிக்காத ஒரு ட்ரெய்னிப் பெண். பத்து மணிக்கு மேல் ஒரு விவசாயியைக் கொண்டுவந்தார்கள். பூச்சிமருந்து. பருத்திக்கு மருந்து அடிக்கும்போது காற்றில் முகத்துக்கு வந்துவிட்டது என்று மனைவி திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்படியும் நடக்கக் கூடியதுதான். இந்த மாவட்டத்துப் பருத்திக் காட்டில் மருந்து அடித்து மயங்கி விழுந்தவர்கள் உண்டு. ஆனால் வாசனை எங்கிருந்து வருகிறது என்று இவளுக்குத் தெரிந்துவிட்டது. மனைவியை ஒன்றும் கேட்கவில்லை. டாக்டரிடம் மட்டும் தனியாகச் சொல்லிவிட்டு வந்து, “காத்து அடிக்கிற நேரத்துல மருந்து அடிக்கக் கூடாதுக்கா” என்றாளாம். அந்தப் பெண் அப்போதுதான் அழுதாள். அதுவரை அழவில்லை.

இந்த விஷத்துக்கு அட்ரோபின் போடுவார்கள். போட்டுவிட்டுப் போய்விட முடியாது. பக்கத்திலேயே நின்று, நிமிஷக் கணக்கில், கண்மணி விரிந்ததா, நாடி ஏறியதா, நெஞ்சில் சளி வற்றியதா என்று பார்த்துப் பார்த்து எழுத வேண்டும். மருந்து குறைந்தால் மூச்சு முட்டும். கூடினால் ஆள் பிதற்றுவார், கட்டிலைவிட்டு எழுந்து ஓடப் பார்ப்பார், கையில் குத்திய வென்ஃப்ளான் ஊசியைப் பிடுங்கி எறிவார். விடிய விடிய இதுதான் வேலை. மீதி 23 கட்டிலிலும் ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவருக்கு ட்ரிப்ஸ் முடிந்து ரத்தம் பைப்பில் ஏறுகிறது. ஒருவருக்குச் சிறுநீர்ப் பை நிறைந்துவிட்டது. மூன்றாம் நம்பர் பெரியவருக்குத் தூக்கம் வரவில்லை, பேச ஆள் வேண்டும். யாருடைய கூப்பாட்டைக் காதில் வாங்காமல் இருக்கலாம் என்று இவள் முடிவு செய்ய வேண்டும். அதைச் சிரித்த முகத்தோடு செய்ய வேண்டும். காலையில் அந்தப் பெரியவர் ஃபீட்பேக் ஃபாரத்தில், ‘நைட் சிஸ்டர் கூப்பிட்டால் வருவதில்லை’ என்று எழுதினார். நிர்வாகம் உடனே விழித்துக்கொண்டது. இரண்டாவது ஸ்டாஃப் போட்டிருப்பார்கள் என்று நினைப்பவர்களுக்கு நிர்வாக ஞானம் போதாது. அந்த ஃபாரத்தின் பலன்தான் நான் மேலே சொன்ன பயிற்சி வகுப்பு.

கணக்குப் போட்டால் அவர்கள் செய்தது எவ்வளவு சரி என்று விளங்கும். கற்பிக்கும் மருத்துவமனையின் பொது வார்டில் 3 படுக்கைக்கு ஒரு செவிலியர், மற்ற மருத்துவமனைகளில் 5 படுக்கைக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். அதன்படி 24 படுக்கைக்கு ஐந்து பேர் வேண்டும். ஐந்து சம்பளம்! டை கட்டியவருக்கு ஒரு நாள் கட்டணம், இரண்டு வேளை டீ, ஆளுக்கொரு லேமினேட் செய்த சான்றிதழ். எது மலிவு என்று ஐந்தாம் வகுப்புப் பையன் சொல்லிவிடுவான்.

வெளிநாட்டில் சிலர் இப்படிக் கணக்குத் தெரியாமல் காசை இறைக்கிறார்கள். அமெரிக்காவில் லிண்டா ஐகன் என்ற செவிலியர் ஆய்வாளரும் அவர் குழுவினரும் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் கணக்கை எடுத்து 2002இல் வெளியிட்டார்கள். ஒரு செவிலியர் தலையில் கூடுதலாக ஒரு நோயாளியை வைத்தால், முப்பது நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று அதில் வந்தது. கலிபோர்னியாவில் ஒருத்திக்கு இத்தனை நோயாளிதான் என்று 1999இலேயே சட்டம் போட்டு 2004இல் நடைமுறைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். இப்படிச் சாவையும் எண்ணிக்கையையும் முடிச்சுப்போட்டுப் பேசுவது மங்கலமாகவா இருக்கிறது? நம்மவர்கள் இதுபோன்ற அபசகுனமான ஆய்வுகளைக் கையாலும் தொடுவதில்லை.

சம்பள விஷயத்திலும் அவர்களின் பொறுமையை மெச்ச வேண்டும். தனியார் மருத்துவமனைச் செவிலியர்களின் நிலையைப் பற்றி இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தொடர்ந்த வழக்கில் 2016 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசுச் செவிலியருக்குச் சமமான சம்பளம். 100க்கு மேல் என்றால் அதில் 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50க்குக் கீழே எவ்வளவு சின்ன மருத்துவமனையாக இருந்தாலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. இதுதான் குழுவின் பரிந்துரை. பரிந்துரையை நம்மவர்கள் நிராகரிக்கவில்லை. அப்படிப்பட்ட முரட்டுத்தனம் அவர்களிடம் கிடையாது. பத்திரமாக வைத்திருக்கிறார்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை வாங்கி பீரோவில் பூட்டி வைத்துக்கொள்ளும் பழக்கம் சில இடங்களில் உண்டல்லவா, அந்தப் பாதுகாப்புணர்வுதான் இங்கேயும். அக்கா மகளின் டிப்ளமோ இரண்டு வருஷமாக அந்தப் பீரோவில்தான் இருக்கிறது. வீட்டில் இருந்தால் கரையான் அரித்திருக்கும்.

தனியாரை மட்டும் புகழ்ந்தால் அரசு கோபித்துக்கொள்ளும். அரசிடம் கருணை இன்னும் அதிகம். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015இல் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான செவிலியரை எடுத்தது. தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற நம்பிக்கையில் சேர்ந்தார்கள். இரண்டு வருஷம் முடிந்தது. அவசரக்காரப் பெண்கள் சிலர் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் கைக்குழந்தைகளோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பொறுமை என்ற பாடத்தை இவர்களுக்கு யார் எடுத்தார்களோ, அரைகுறையாக எடுத்திருக்கிறார்கள். பிறகு சம்பளம் 14,000 ஆனது, அப்புறம் 18,000 ஆனது. உயர்கிறது பாருங்கள், உயராமல் இல்லை. இவர்களைப் பாராட்டுவதில் ஆட்சிக்கு ஆட்சி வித்தியாசம் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு கழகத்துக்கும் பொதுவான கொள்கைகள் சிலதான் உண்டு, இது அதில் ஒன்று.

பாராட்டின் உச்சம் கொரோனா வந்த 2020. மார்ச் 22 மாலை 5 மணிக்கு நாடே கை தட்டியது, தட்டையும் தட்டியது. மே 3 அன்று விமானப்படை ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகள் மேல் பூமாரி பொழிந்தன. கீழே கவச உடைக்குள் வியர்வை ஓட, ஆறு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல், சிறுநீர் கழிக்காமல் நின்றவர்கள் மேலே பார்த்திருப்பார்கள். மேலிருந்து பூப்போடுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது, யார் தலையில் விழுகிறது என்று பார்க்க வேண்டியதில்லை. கொரோனாவுக்காக ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட செவிலியரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை, 2022 டிசம்பர் 31 அன்று, இனி வர வேண்டாம் என்று தமிழ்நாட்டில் வீட்டுக்கு அனுப்பினார்கள். புத்தாண்டை வீட்டாரோடு கொண்டாடட்டும் என்ற நல்லெண்ணம்தான். சேலத்திலும் சென்னையிலும் போராட்டம் நடந்த பிறகு, மக்களைத் தேடி மருத்துவம் போன்ற திட்டங்களில் மாற்று வேலை தருகிறோம் என்றார்கள். அதுவும் ஒப்பந்தம்தான். நிரந்தரம் என்பது இவ்வுலகில் எதற்கும் இல்லை என்று நம் சித்தர்கள் சொன்னதைச் சுகாதாரத் துறை அளவுக்கு உள்வாங்கிக்கொண்டவர்கள் இல்லை.

எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு வரும் நர்ஸம்மாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் சோறு இறங்காது. கிராம சுகாதார செவிலியர். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. கர்ப்பம் என்று தெரிந்ததும் கர்ப்பிணிப் பதிவுக்கான பிக்மி நம்பர் போடுவதில் தொடங்கி, முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி தவணை தவணையாக வந்ததா என்பது வரை, பிள்ளைக்குத் தடுப்பூசி, கிழவருக்குச் சர்க்கரை மாத்திரை, எல்லாம் இந்த ஒருவர் வழியாகத்தான்.

வெங்காயம் பிடுங்கும் நேரத்தில் ஒருநாள் பார்த்தேன். ஆறு மாதக் கர்ப்பிணி, ரத்தத்தில் ஹீமோகுளோபின் 7.5, காட்டில் குந்தி உட்கார்ந்து வெங்காயத் தாள் அரிந்துகொண்டிருக்கிறாள். மாமியார் பக்கத்தில். கூலியாள் கிடைக்காத நாள். நர்ஸம்மா வந்தார். ரிஜிஸ்டரைக் கீழே வைத்தார், அவரும் குந்தி உட்கார்ந்தார், ஒரு கத்தியை வாங்கி அரியத் தொடங்கினார். மாமியாரோடு மழையைப் பேசினார். வெங்காய விலையைப் பேசினார். மாமியாரின் முதல் பிரசவத்தைக் கேட்டார். அந்தம்மா சொல்லச் சொல்ல, அப்போது ரத்தம் ஏற்றியது, பிழைத்தது எல்லாம் தானாக வெளியே வந்தது. “ஒங்களுக்கு வந்த கதி இவளுக்கு வரணுமா ஆத்தா?” என்றார் நர்ஸம்மா. மறுநாள் மருமகளை அயர்ன் சுக்ரோஸ் ஊசிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டி வந்ததே மாமியார்தான்.

நர்ஸம்மா தன் வேலைக் கணக்கைப் பதியும் செயலியில் இதை எங்கே ஏற்றுவது? ‘வெங்காயம் அரிந்தது: 40 நிமிடம்’ என்று ஒரு கட்டம் கிடையாது. அன்று அவர் பார்த்திருக்க வேண்டிய வீடுகளில் பாதி விட்டுப்போயிற்று. அடுத்த ஆய்வுக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து நிற்கச் சொல்லி, இலக்கு ஏன் முடியவில்லை என்று அதிகாரி கேட்டிருக்கிறார். மக்களிடம் கனிவாக நடந்துகொள்ளுங்கள் என்பதையும் அதே உரத்த குரலில், மைக் இல்லாமலே, கடைசி வரிசை வரை கேட்கும்படி சொன்னாராம். கனிவை இவ்வளவு ஆவேசமாகப் போதிக்கும் அதிகாரிகள் இருக்கும் மாவட்டம் கொடுத்துவைத்த மாவட்டம்.

நாம் மட்டும் இளைத்தவர்களா? நோயாளியோடு போகும் நம் பெருந்தன்மையைப் பார்க்க வேண்டும். டாக்டர் இரண்டு நிமிஷம் வந்து போனால் கை கட்டி நிற்கிறோம். அவர் சொன்னது புரியவில்லை என்றால் அவர் போன பிறகு சிஸ்டரைப் பிடித்து உலுக்குகிறோம். பில் கூடினால் சிஸ்டர். ரிப்போர்ட் லேட் ஆனால் சிஸ்டர். ஆள் செத்துப்போனால் சிஸ்டர், அவளோடு சேர்த்து ஒரு கண்ணாடிக் கதவு. மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் ஜாமீனில் வர முடியாத குற்றம் என்று 2008இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அதை அச்சடித்துச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். பெரும்பாலும் அந்தப் போர்டுக்குக் கீழே நின்றுதான் கத்துகிறோம். போர்டு பெரிதாக இருப்பதால் நிழல் நன்றாக விழுகிறது.

பெண் பார்க்கும் நேரத்தில் நம் கரிசனம் இன்னும் கூடிவிடும். நர்ஸா, நைட் ட்யூட்டி உண்டா என்று மாப்பிள்ளையின் அம்மா முகத்தைச் சுளிப்பார். லண்டனில் நர்ஸ் என்றால் அதே முகம் மலரும். அங்கேயும் ராத்திரி வரத்தான் செய்கிறது, ஆனால் பவுண்டில் வருகிறது.

இவ்வளவுக்கும் நடுவே இந்தப் பெண்களிடம் அந்த நுண்ணறிவு இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. யாரும் சொல்லிக்கொடுப்பதற்கு முன்பே இருந்தது. எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஊட்டத்தூர், சுத்தரத்தினேஸ்வரர் கோயில். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அங்கே நடராஜருக்கு வெட்டிவேர் மாலை சாத்தி, அந்த வேரைப் போட்டு ஊறவைத்த தீர்த்தத்தைக் குடிப்பார்கள். டயாலிசிஸ் நோயாளிக்குத் தண்ணீர் அளந்து கொடுக்க வேண்டும், கூடினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். டயாலிசிஸுக்கு வரும் ஒரு பெரியவர் அக்கா மகளிடம் ரகசியமாகக் கேட்டாராம், “தீர்த்தம் குடிக்கலாமா தாயி?” மூடநம்பிக்கை என்று திட்டியிருக்கலாம். திட்டினால் அவர் சொல்லாமல் ஒரு செம்பு குடிப்பார். இவள் சொன்னது: “சாமிக்கு அளவு தெரியும் தாத்தா, ஒரு மடக்கு போதும்னுதான் சொல்லுவாரு. செவ்வாக்கிழமை டயாலிசிஸ மட்டும் விட்டுறாதீங்க.” பெரியவர் ஒரு மடக்கோடு நிறுத்திக்கொண்டார். செவ்வாய்க்கிழமையும் வந்தார். டை கட்டியவரின் முப்பத்தெட்டு ஸ்லைடிலும் இது கிடையாது. நிர்வாகம் பெருந்தன்மையாக இதையும் தன் பயிற்சியின் பலனாகக் கணக்கில் வைத்துக்கொள்ளும், நான் ஆட்சேபிக்கவில்லை.

மே 12 வந்தால் உலக செவிலியர் தினம். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலின் பிறந்தநாள். கேக் வெட்டி, ஆளுக்கு ஒரு ரோஜாப்பூ கொடுத்து, கையில் மெழுகுவர்த்தியோடு உறுதிமொழி எடுக்கவைத்துப் படம் பிடிப்பார்கள். விளக்கேந்திய சீமாட்டியை நம் நிர்வாகங்களுக்கு மிகவும் பிடிக்கும். ராத்திரி முழுக்க நடந்தாள், நாற்காலி கேட்கவில்லை. அந்த அம்மாளின் மற்றொரு முகத்தை மட்டும் நாகரிகம் கருதி வெளியே சொல்வதில்லை. கிரிமியப் போரில் சிப்பாய்கள் காயத்தால் செத்ததைவிடச் சாக்கடையாலும் நெரிசலாலும் வந்த நோயால் செத்ததுதான் அதிகம் என்று மாதம் மாதமாகக் கணக்கெடுத்து, 1858இல் வண்ண வரைபடமாகப் போட்டு, அமைச்சர்களின் உயிரை வாங்கினார். இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராமலே இங்கே உள்ள குடிநீரையும் சாக்கடையையும் பற்றிப் பல வருஷம் எழுதி எழுதி அதிகாரிகளைத் தூங்கவிடவில்லை. இப்படிப்பட்ட ஒருவர் இன்று வேலைக்கு விண்ணப்பித்தால் என்ன ஆகும் என்று யோசிக்கிறேன். ‘எதற்கெடுத்தாலும் எண்ணிக்கை கேட்கிறார், உணர்வுசார் நுண்ணறிவு போதாது, டீமோடு ஒத்துப்போக மாட்டார்’ என்று ஹெச்.ஆர். எழுதி வைப்பார். நியாயமான முடிவு.

பயிற்சியை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோகப் போகிறார்களாம், தேர்வு வைக்கப் போகிறார்களாம் என்று அக்கா மகள் சொன்னாள். நல்ல காரியம். முதலில் சொன்ன சலோவியும் மேயரும் டேவிட் கரூசோ என்பவரோடு சேர்ந்து பிற்பாடு அப்படி ஒரு தேர்வைத் தயாரித்தார்கள். அதில் ஒரு பகுதி, முகங்களின் புகைப்படத்தைக் காட்டி இந்த முகத்தில் என்ன உணர்வு எவ்வளவு தெரிகிறது என்று கேட்பது. என் சின்ன யோசனை, இதை நிர்வாகிகளுக்கும் டை கட்டியவருக்கும் முதலில் வைத்துப் பார்க்கலாம். வெளிநாட்டுப் புகைப்படம் எதற்கு? காலை ஏழரைக்கு ஹேண்டிங் ஓவர் கொடுத்துவிட்டு, கேஸ் ஷீட்டுகளைக் கையில் அணைத்தபடி, எதிரே வரும் எம்.டி.க்கு “குட் மார்னிங் சார்” சொல்லும் நைட் சிஸ்டரின் முகத்தைப் படம் எடுத்துக் கொடுக்கட்டும். கோபம், பசி, பயம், அசதி, மகிழ்ச்சி என்று ஐந்து விடை. அவர்கள் மகிழ்ச்சியைத்தான் டிக் அடிப்பார்கள். முழு மதிப்பெண் போட்டுவிடுங்கள், அந்தச் சிரிப்பைச் சொல்லிக்கொடுத்ததே அவர்கள்தானே.